பகுத்தறிவாளன் போட்ட கணக்கு

ஈமு கோழியில் பணத்தைப் போட்டு ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். இதை வெளியில் சொல்ல எனக்கு வெகுகாலம் வாய் வரவில்லை. ஏமாந்ததுகூடப் பெரிதில்லை. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது ஏமாந்திருந்தார்கள். ஆனால் நான் கணக்கு வாத்தியார். போதாக்குறைக்கு ஊரில் பகுத்தறிவு பேசுகிற ஆள். கல்யாண வீட்டில் யாராவது ராகுகாலம் பற்றிப் பேச்செடுத்தால், நான் அங்கே இருக்கிறேனா என்று முதலில் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வார்கள். அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. அப்படிப்பட்டவன் கோழியிடம் தோற்றேன் என்பதை எந்த வாயால் சொல்வது?

எங்கள் ஊர் பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் இடையில் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் மஞ்சள். மேட்டுக்காட்டில் மழையை நம்பிச் சோளமும் கடலையும். நான் கல்லூரியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். தோட்டத்தைக் கட்டிக் காத்து, என்னைப் படிக்கவைத்து, தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்ததெல்லாம் அம்மாதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டு மெருகேற்றி ஈரோடு மண்டிக்கு வண்டி ஏற்றுவது வரை அவர் கண்ணில் படாமல் ஒன்றும் நடக்காது. வியாபாரி விரலியை ஒடித்துப் பார்த்து விலையைக் குறைக்கப் பார்த்தால், இவரும் இன்னொரு விரலியை எடுத்து ஒடித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

அதே அம்மா பங்குனியில் பண்ணாரி குண்டத்துக்கு விரதம் இருப்பார். முழங்கால் வலியோடு சென்னிமலையின் 1,320 படிகளையும் ஏறுவார். முக்கியமான காரியம் என்றால் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்பார். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம்.

"நிகழ்தகவு அரை. இதுக்குக் கோயில் எதுக்கு? நாலணாவைச் சுண்டிப் போட்டுப் பார்த்தாப் போதாதா?" என்று நான் அம்மாவைச் சீண்டுவேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார். கடவுள் இல்லை என்று சொல்லும் மகனை இன்றுவரை "சாமி" என்றுதான் கூப்பிடுகிறார். எங்கள் பக்கத்தில் அம்மாக்கள் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் எப்படி இப்படி ஆனேன் என்று கேட்டால், ஈரோட்டைத்தான் சொல்ல வேண்டும். பெரியார் பிறந்த ஊர். கல்லூரிக் காலத்தில் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. டீக்கடையில் 'விடுதலை' படிப்பேன். ஆபிரகாம் கோவூரின் கட்டுரைகளைத் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்து மெய்சிலிர்த்திருக்கிறேன். கோவூர் கேரளத்தில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். மோசடிக்கு இடமில்லாத சூழலில் ஒரே ஓர் அற்புதத்தைச் செய்துகாட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று சவால் விட்டவர். 1978இல் அவர் இறக்கும் வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. பிறகு மாவட்ட நூலகத்தில் சிக்மண்ட் ஃபிராய்டு 1927இல் எழுதிய 'ஒரு மாயையின் எதிர்காலம்' ஆங்கிலத்தில் கிடைத்தது. குழந்தை அப்பாவைத் தேடுவதைப்போல மனிதன் கடவுளைத் தேடுகிறான், மனித குலம் இதிலிருந்து ஒருநாள் வளர்ந்து வெளியே வரும் என்பது அவர் வாதம். அதைப் படித்த சூட்டில் நான் சொந்தமாக ஒரு தேற்றம் செய்துகொண்டேன். சாமி கும்பிடுகிறவர் மனத்தளவில் இன்னும் வளராதவர். கும்பிடாதவர் வளர்ந்தவர். நிரூபணம் தேவையில்லை, கண்கூடு.

இந்தத் தேற்றத்துக்கு இடைஞ்சலாக எது வந்தாலும் ஓரமாகத் தள்ளிவிடுவேன். வகுப்பில் ராமானுஜனைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். 1913இல் அவர் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதைச் சொல்வேன், கேம்பிரிட்ஜ் போனதைச் சொல்வேன். நாமக்கல் நாமகிரித் தாயார்தான் தனக்குச் சூத்திரங்களைத் தருகிறாள் என்று அவர் நம்பியதை மட்டும் சொல்லமாட்டேன். பெரிய மனிதரின் சிறிய பலவீனம், பிள்ளைகளுக்கு எதற்கு என்று விட்டுவிடுவேன். இத்தனைக்கும் நாமக்கல் எங்களுக்குப் பக்கத்து மாவட்டம்.

1995 செப்டம்பர் 21ஆம் தேதி பிள்ளையார் பால் குடித்தார். டில்லியில் தொடங்கி ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவிய செய்தி எங்கள் ஊருக்கும் வந்துசேர்ந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பிள்ளையார் கோயில் முன்னால் செம்பும் கையுமாக ஊரே நிற்கிறது. வரிசையில் அம்மாவும் நிற்கிறார்.

எனக்கு அதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்? ஒருவரிடம் கரண்டியை வாங்கி, பாலில் குங்குமத்தைக் கலந்து, பிள்ளையாரின் தும்பிக்கையில் வைத்துக் காட்டினேன். பால் உள்ளே போகவில்லை; கல்லின் மேலாகச் செந்நிறக் கோடாக வழிந்தது. பரப்பு இழுவிசை, நுண்புழை ஏற்றம் என்று அங்கேயே ஒரு வகுப்பு எடுத்தேன். டில்லியிலும் விஞ்ஞானிகள் வண்ணம் கலந்த பாலை வைத்துத்தான் உண்மையைக் காட்டினார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் சொன்ன அறிவியலில் ஒரு பிழையும் இல்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா பக்கம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி, "இத்தனை வயசாகியும் கல்லு பால் குடிக்கும்னு வந்து நிக்கறியே, வெக்கமா இல்லையா?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. செம்பை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் ஜெயித்ததாகத்தான் நினைத்தேன். அதன் பிறகு அம்மா என்னிடம் எதையும் எடுத்துச் சொல்வது குறைந்துபோனது. தோட்டத்து யோசனை, உறவில் ஒரு சிக்கல், யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது, எதுவாக இருந்தாலும் என் மனைவியிடம் சொல்வார். தேவை என்று பட்டால் அவள் என்னிடம் சொல்வாள். அம்மா திருந்திவிட்டார், என்னிடம் மூடநம்பிக்கை பேசுவதில்லை என்று நான் மகிழ்ந்தேன்.

ஈமு வந்தது 2011 வாக்கில். தொலைக்காட்சியில் நடிகர்கள் வந்து சிரித்தார்கள். பெருந்துறைப் பக்கம் புதிதுபுதிதாக நிறுவனங்கள் முளைத்தன. என்னிடம் படித்த பையன் ஒருவன் முகவராக வீட்டுக்கு வந்தான். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சுகள் தருவார்கள். கொட்டகை அவர்களே போடுவார்கள், தீவனம் அவர்களே தருவார்கள். நாம் வளர்த்தால் மட்டும் போதும். மாதம் ஆறாயிரம் ரூபாய், ஆண்டுக்கு இருபதாயிரம் போனஸ், இரண்டு ஆண்டு முடிந்ததும் போட்ட பணம் அப்படியே கைக்கு வரும்.

நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. அதுதான் கொடுமை. வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். இரண்டு பங்கு எடுத்தால் மூன்று லட்சம். மாதம் பன்னிரண்டாயிரம், ஆண்டுக்கு நாற்பதாயிரம் போனஸ். ஆக ஓர் ஆண்டுக்கு 1,84,000. நூற்றுக்கு 61 ரூபாய்க்கு மேல் வருமானம். ஈமு பற்றிய புத்தகத்தைக்கூடத் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியப் பறவை, ஆள் உயரம் வளரும், முட்டை கரும்பச்சை நிறம், பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், ஆண்தான் ஏறக்குறைய எட்டு வாரம் சரியாகத் தின்னாமல் குடிக்காமல் அடைகாக்கும். கொழுப்பிலிருந்து எண்ணெய் எடுக்கலாம், தோலில் பை செய்யலாம். எல்லாம் உண்மை. உண்மையான தகவல்களை வரிசையாக அடுக்கிவைத்து, கடைசியில் நான் விரும்பிய விடைக்கு வந்துசேர்ந்தேன். பையன்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு நடுவில் வழிமுறை எழுதுவதை எத்தனையோ முறை கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்.

என் பெரியப்பா மகன் அண்ணன் ஒருவர் அதே சமயத்தில் குலதெய்வக் கோயிலில் பூ கேட்டார். வெள்ளை வந்தது. அவரும் பணம் கட்டினார். "பூவு சொல்றதுக்கு முன்னாடியே கணக்கு சொல்லிருச்சுங்கண்ணா" என்று அவரைக் கிண்டல் செய்தேன். காங்கேயம் பக்கம் இருக்கும் என் தங்கை பூவும் கேட்கவில்லை, கணக்கும் போடவில்லை. "எங்கண்ணனே போட்டிருக்குது, அப்பறம் என்ன?" என்று மாப்பிள்ளையிடம் சொல்லி, நகையை அடகு வைத்துக் கட்டினாள். சாமி சொன்னால்கூட அவள் ஒருமுறை யோசித்திருப்பாள். நான் சொன்னதால் யோசிக்கவில்லை.

குஞ்சுகள் வந்து இறங்கிய அன்று அம்மா கொட்டகைக்கு வந்தார். வரிவரியாக இருந்த குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இது பெருசாகி முட்டை போட்டா, அந்த முட்டைய ஆரு வாங்கித் திங்கறாங்க?"

"தின்றதுக்கு இல்லம்மா. பொரிக்கறதுக்கு."

"பொரிச்ச குஞ்ச?"

"அதை வேற விவசாயிங்க வாங்குவாங்க. அப்பறம் எண்ணெய், தோல், எல்லாம் ஏற்றுமதி."

"ஈரோட்டுச் சந்தையில இந்தக் கறி விக்கறத நீ பாத்தியா?"

"சந்தையாம்மா இது? ஏற்றுமதிம்மா."

"சரி சாமி" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

முதலில் சில மாதங்கள் பணம் ஒழுங்காக வந்தது. காசோலை வந்த நாட்களில் நான் அம்மாவின் கண்ணில் படும்படி கூடத்தில் நடமாடினேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு காசோலை தாமதமானது. பிறகு திரும்பி வந்தது. தீவன வண்டி வருவது நின்றது. 2012 ஆகஸ்டில் எங்கள் பகுதியில் ஈமு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. அலுவலகத்துக்குப் போனால் பூட்டு தொங்குகிறது. முகவராக வந்த பையனின் செல்போன் அணைந்துகிடக்கிறது. அவனும் தன் அப்பாவின் பணத்தைப் போட்டிருந்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வரிசை. பின்னால் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று நான் குனிந்தபடி நின்றேன். வரிசையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய அண்ணன் இருந்தார். கழுத்தில் சிலுவை போட்ட ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். நான் ஈரோட்டுக் கூட்டங்களில் பார்த்திருந்த கறுப்புச் சட்டைக்காரர் ஒருவரும் இருந்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டோம்.

வீட்டில் பறவைகள் பசியில் கத்தின. பெண் ஈமு தொண்டைக்குள்ளிருந்து உறுமி மேளம் மாதிரி ஒரு சத்தம் எழுப்பும். ராத்திரி முழுக்க அந்தச் சத்தம். கால்நடைத் துறையிலிருந்து ஆட்கள் வந்து பொறுப்பெடுக்கும் வரை அவற்றுக்குத் தீனி போட்டது அம்மாதான். சோளத்தை ஊறவைத்துப் போடுவார், வாய்க்கால் மேட்டிலிருந்து கீரை அறுத்து வருவார். "பசியோட ஒரு சீவன் நம்ம தோட்டத்துல நிக்கக்கூடாது" என்றார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. திட்டினால்கூடத் தேவலை. ஒருநாள் சாயங்காலம் கொட்டகை ஓரத்தில் அம்மா கீரையை அரிந்துகொண்டிருந்தார். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். தங்கை அன்று மதியம்தான் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். எனக்கு யார் மீதாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது.

"எல்லாத்துக்கும் போய்ப் பூ கேக்கறியே, இதுக்கு மட்டும் ஏம்மா கேக்கலை? ஒருவேளை சிவப்பு வந்திருந்தா நீ என்னையத் தடுத்திருப்பேல்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. நாலணாவைச் சுண்டிப் போடச் சொன்னவன் நான். பிள்ளையார் தும்பிக்கையில் குங்குமப்பால் ஊற்றியவன் நான். பூ கேட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று இப்போது அம்மாவிடம் சண்டைக்கு நிற்பவனும் நான்தான். எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. கால் நகரவில்லை.

அம்மா அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தார். என்னை வேடிக்கையாகப் பார்த்தார்.

"அதுக்கு எதுக்கு சாமி பூவு? முட்டைய ஆரு திங்கறாங்கன்னு விசாரிச்சாத் தெரிஞ்சுபோகுது. தெரியாததத்தான் சாமிகிட்டக் கேக்கோணும். விசாரிச்சாத் தெரியறதையெல்லாம் போயிக் கேட்டா அது என்னன்னு நெனைக்கும்?"

"அன்னைக்கு ஒரு தடவை கேட்டே. அப்பறம் ஏன் மறுபடி கேக்கலை?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அரிந்த கீரையைக் கூடையில் அள்ளிப்போட்டார். கீழே சிந்தியதையும் பொறுக்கிப் போட்டார்.

"கேட்டா நீ பால் கணக்கு சொல்லுவே" என்றார்.

கோபமே இல்லாமல் சொன்னார். பதினாறு பதினேழு ஆண்டுக்கு முந்தைய ஒரு சாயங்காலம் அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆளின் வாயை நான் ஊரார் முன்னால் அடைத்திருக்கிறேன். மூன்று லட்சத்தைவிட அதிகமாக நான் இழந்தது அங்கேதான். தங்கையின் நகையும் அந்தக் கணக்கில்தான் போனது.

அம்மா எல்லாவற்றிலும் தெளிவானவர் என்று நான் சொல்லவரவில்லை. மேட்டுக்காட்டில் ஆழ்துளைக் கிணறு போட, எந்த இடம் என்று பூ கேட்டார். வெள்ளை வந்த இடத்தில் அறுநூறு அடி போயும் புகைதான் வந்தது. பூமிக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்க்க நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அதுவும் விசாரித்தால் தெரிகிற விஷயம்தான். அங்கே அவர் வழுக்கினார். என் அண்ணனைப் பூவும் காப்பாற்றவில்லை. சாமி கும்பிட்டால் புத்தி வரும் என்றும் இந்தக் கதையை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. என் தேற்றம் மட்டும் தேறவில்லை. ஒரு தேற்றம் விழ ஒரே ஓர் எதிர் எடுத்துக்காட்டு போதும் என்று ஆண்டு தவறாமல் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு என் வீட்டிலேயே நடமாடியிருக்கிறது.

அதன் பிறகு பழைய புத்தகங்களைத் திரும்ப எடுத்தேன். ஃபிராய்டின் புத்தகத்தில் நான் அவசரமாகத் தாண்டிப்போயிருந்த ஓர் இடம் கண்ணில் பட்டது. மாயை என்றால் பொய் என்று அவர் சொல்லவில்லை. ஆசை உந்திப் பிறக்கும் நம்பிக்கைக்குத்தான் அவர் அந்தப் பெயரைக் கொடுக்கிறார். அம்மாவை நினைத்துக்கொண்டு அடிக்கோடிட்டிருந்த பக்கங்கள் அத்தனையும் என் ஈமு கணக்குக்குக் கச்சிதமாகப் பொருந்தின. கோவூரை நினைத்தாலும் வெட்கமாக இருந்தது. நூற்றுக்கு 61 ரூபாய் வருமானம் என்பதைவிட அற்புதம் வேறென்ன இருக்கிறது? மோசடிக்கு இடமில்லாத சோதனையைப் பிள்ளையாருக்கு வைத்தேன், நிறுவனத்துக்கு வைக்கவில்லை.

ராமானுஜனையும் முழுசாகப் படித்தேன். நாமகிரித் தாயார் சூத்திரங்களைத் தந்ததாக நம்பிய அதே ராமானுஜன் பகா எண்களைப் பற்றி ஹார்டிக்கு எழுதியவற்றில் சில தவறாக இருந்தன. ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். எது வந்தாலும் நிரூபணம் கேட்பவர். இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. தாளில் சூத்திரம் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு அது தடையாகவும் இல்லை.

இன்னொருவரையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமெத்ர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் கணக்கிட்டு எழுதியவர், பெருவெடிப்புக் கருத்துக்கு முன்னோடி. அவர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் கண்டறிந்த இந்தத் தொடக்கம் படைப்புக்குச் சான்று என்பதுபோலப் பேசினார். அதைக் கேட்டுச் சங்கடப்பட்டவர் லெமெத்ர்தான். அறிவியலை அப்படிச் சாட்சிக்குக் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. கணக்கில் தீர வேண்டியது கணக்கில் தீரட்டும் என்பது அவர் நிலை. "தெரியாததத்தான் சாமிகிட்டக் கேக்கோணும்" என்று எங்கள் அம்மா கீரைக்கூடையோடு சொன்னதைக் கேட்டிருந்தால் அந்தப் பாதிரியாருக்குப் பிடித்திருக்கும்.

பெரியாரிடம் திரும்பப் போவதற்குத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது கடவுள் மறுப்பை மட்டும்தான். அவர் பள்ளிப்படிப்பைச் சீக்கிரமே விட்டுவிட்டு ஈரோட்டில் தன் அப்பாவின் மண்டியில் உட்கார்ந்து வியாபாரம் பழகியவர். சரக்கு எங்கிருந்து வருகிறது, யார் வாங்குகிறார்கள், கையில் என்ன நிற்கிறது என்று கேட்டே வளர்ந்தவர். நான் சொல்கிறேன் என்பதற்காக ஏற்காதே, உன் அறிவைக்கொண்டு யோசித்துப் பார் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னவர். மேடையில் கடவுள் வாழ்த்துப் பாடினால், தள்ளாத வயதிலும் பிறர் தாங்கிப் பிடிக்க எழுந்து நின்றவர் என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் ஊரார் முன்னால் பெற்ற தாயை வெட்கப்படவைத்தேன். அந்த மண்டிக்காரரின் புத்தி, அவர் எழுத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல், பண்ணாரிக்கு விரதம் இருக்கும் என் அம்மாவிடம் இருந்தது. அவர் படத்தை வீட்டில் மாட்டியிருந்த என்னிடம் இல்லை.

நான் இன்றும் கடவுளை நம்புவதில்லை. அதற்கான காரணங்கள் ஒன்றும் மாறவில்லை. பால் வழியத்தான் செய்தது, பூவுக்கு நிகழ்தகவு அரைதான். அம்மாவும் மாறவில்லை. நடக்க முடிகிற வரைக்கும் கோயிலுக்குப் போனார். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிடுகிறார். மஞ்சள் விலையை மட்டும் தினமும் என்னிடம் கேட்கிறார். ஏன் ஏறியது என்றும் கேட்கிறார். அதற்குப் பதில் சொல்வதற்காகவே நான் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஈமு வழக்குகள், முதலீட்டாளர் நலனுக்காகத் தமிழ்நாடு அரசு 1997இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் கோவைச் சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தன. நிறுவனம் நடத்திய பலருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. எங்கள் பணம் திரும்ப வரவில்லை. தங்கைக்கு மேட்டுக்காட்டில் ஒரு பகுதியைக் கிரயம் செய்துகொடுத்தேன். வேண்டாம் என்றுதான் சொன்னாள், நான் விடவில்லை.

யாராவது ஒரு திட்டத்தோடு வந்தால், கடைசியில் இதைக் காசு கொடுத்து வாங்கப்போகிறவர் யார் என்று இப்போது முதலில் கேட்கிறேன். நீங்களும் கேட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் யாராவது ஏற்கெனவே அதைக் கேட்டிருந்தால், அவர் நெற்றியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பதிலைச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.